ஆபரேஷன் தலையில், ஆபத்து காலில்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி. இரண்டு மாதமாகத் தீராத தலைவலி. ஒரு நாள் திடீரென்று வலிப்பு. பிறகு ஸ்கான், பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன். வீட்டம்மாள் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. "கட்டியை எடுத்தாகிவிட்டது; நல்லபடி முடிந்தது" என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

ஆறாம் நாள். நோயாளி தெளிவாகப் பேசுகிறார். காப்பி கூடக் கேட்கிறார். "இடது கால் மட்டும் கனமாக இருக்கிறது. ஆடுசதையில் வலி" என்கிறார். பார்க்க வந்திருக்கும் அத்தைக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. "படுத்தே கிடந்தால் கால் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? கொஞ்சம் தைலம் போட்டு உருவிவிட்டால் சரியாய்ப் போகிறது!" என்று பையிலிருந்து தைலப் புட்டியை எடுக்கிறாள்.

அந்தப் புட்டியைத் திறக்க விடாதீர்கள்! அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தலையில் நடந்த ஆபரேஷனுக்கும் காலில் வந்த வலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் நிறைய இருக்கிறது.

மூளையில் இருக்கும் உறைமோர்

அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொள்ளாத குடும்பப் பெண் உண்டா? ரத்தம் கொட்டுகிறது, துணியை வைத்து அழுத்துகிறோம், சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. பால் தயிராக உறைவதுபோல் ரத்தமும் உறைந்து, காயத்தின் வாயை அடைத்துவிடுகிறது. இந்தக் குணம் இல்லாவிட்டால் ஒரு சின்னக் கீறலே நம் உயிருக்கு உலை வைத்துவிடும்.

பால் உறைவதற்கு உறைமோர் வேண்டும் அல்லவா? ரத்தத்துக்கும் அப்படி ஒரு பொருள் உண்டு. உடம்பின் தசைகளுக்குள் இருக்கும் அது ரத்தத்தோடு கலந்தால் உறைதல் தொடங்கிவிடும். இந்தப் பொருள் ஏராளமாக உள்ள உறுப்புகளில் மூளையும் ஒன்று. 1935-ல் அமெரிக்க டாக்டர் ஆர்மண்ட் க்விக், ரத்தம் எத்தனை வினாடியில் உறைகிறது என்று அளக்க ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் உறைமோராக உபயோகித்தது எது தெரியுமா? முயலின் மூளையிலிருந்து எடுத்த சத்து!

இப்போது விஷயம் விளங்கியிருக்கும். மூளையைத் தொட்டு ஆபரேஷன் செய்யும்போது இந்தப் பொருள் ரத்தத்தில் கலக்க வழி ஏற்படுகிறது. போதாததற்கு, 'க்ளையோமா' என்ற வகைக் கட்டிகள் தாமே ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை உண்டாக்குகின்றன. அவற்றில் மிகப் பொல்லாததான 'க்ளையோபிளாஸ்டோமா' கண்டவர்களில், ஐந்து பேருக்கு ஒருவருக்காவது நோய்க் காலத்தில் எப்போதாவது இந்த உறைவுத் தொல்லை வருகிறது. ஆபரேஷனுக்குப் பிந்திய வாரங்களில் அபாயம் அதிகம்.

காலிலிருந்து நுரையீரலுக்கு

சரி, உறைவது ஏன் காலில்? இதற்கு வழி காட்டியவர் பெர்லின் நகரத்து டாக்டர் ருடால்ப் விர்ஹோ (1821-1902). நுரையீரலின் ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு ஆளைக் கொல்லும் உறைவு அங்கேயே பிறந்ததல்ல, காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பெயர்ந்து வந்தது என்று காட்டியவர் அவர். ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டென்று அவர் பெயரால் இன்றும் வைத்திய மாணவர்கள் பாடம் படிக்கிறார்கள். ரத்தத்தின் ஓட்டம் மந்தமாவது ஒன்று. குழாயின் சுவர் பழுதுபடுவது ஒன்று. ரத்தத்தின் குணமே மாறுவது ஒன்று.

காலில் உள்ள ரத்தம் மேலே இருதயத்துக்கு ஏற வேண்டும். நாம் நடக்கும்போது ஆடுசதை சுருங்கிச் சுருங்கி அதைப் பம்பு போல் மேலே தள்ளுகிறது. மூளை ஆபரேஷன் ஆனவரோ பல மணி நேரம் மேஜைமேல் அசையாமல் கிடந்தவர். பிறகும் படுக்கைதான். சிலருக்கு ஒரு கை கால் விளங்காமலும் போயிருக்கும். ஓட்டம் மந்தமாகிவிட்டதா? மருந்து ஏற்ற ரத்தக் குழாய்க்குள் டியூப் வேறு போட்டிருப்பார்கள். மூளை வீக்கம் வற்றக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் உறைவுக்குச் சிறிது ஒத்தாசை செய்யும். விர்ஹோவின் மூன்று காரணங்களும் ஒரே கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டன!

ஆடுசதையில் உறைந்தது அங்கேயே இருந்தால் வீக்கத்தோடும் வலியோடும் போய்விடும். அதில் ஒரு துண்டு பெயர்ந்தால்தான் விபரீதம். ரத்தத்தோடு மிதந்து, இருதயத்தின் வலப்பக்கம் புகுந்து, நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். துண்டு பெரிதாக இருந்தால் சில நிமிஷங்களில் பிராணனே போய்விடும். அத்தையின் கை உருவும் உருவலில் அந்தத் துண்டு பெயர்ந்துவிடக் கூடும் என்பதனால்தான் தைலப் புட்டியைக் கண்டு நான் இப்படி அலறுகிறேன்.

இருதலைக் கொள்ளி எறும்பு

"உறையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டால் போயிற்று!" என்று தோன்றும். மருந்து இருக்கிறது. 1916-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில் ஜே மக்லீன் என்ற மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து அவருக்குக் கிடைத்ததோ உறையவிடாமல் தடுக்கும் பொருள். அதுவே 'ஹெப்பாரின்' என்ற மருந்துக்கு ஆரம்பம். லண்டனில் பணியாற்றிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த டாக்டர் வி. வி. கக்கர் முன்னின்று நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சி 1975-ல் வெளிவந்தது. பல வகைப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 4,000-க்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குச் சிறிதளவு ஹெப்பாரின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள், மருந்து இல்லாதவர்களில் 16 பேர்; மருந்து பெற்றவர்களில் 2 பேர்தான்.

ஆனால் மூளை விஷயத்தில் டாக்டரின் நிலைமை இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி. மண்டை ஓடு மூடிய பெட்டி. ஆபரேஷன் செய்த இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் மூளையை அழுத்திவிடும். மருந்தை முந்திக் கொடுத்தால் கசியலாம். பிந்திக் கொடுத்தால் காலில் உறையலாம். ஆகவே ஆபரேஷன் மேஜையிலேயே இரண்டு காலிலும் காற்றுப் பட்டைகளைக் கட்டிவிடுகிறார்கள். அவை நிரம்பியும் வடிந்தும் ஆடுசதை செய்யவேண்டிய வேலையைத் தாங்கள் செய்கின்றன. பிறகு தலையை ஸ்கான் செய்து, கசிவு இல்லை என்று கண்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சிறிய அளவில் ஊசி தொடங்குகிறார்கள்.

மீறி உறைவு வந்துவிட்டால் காலையும் நுரையீரலையும் ஸ்கான் செய்து கண்டுபிடித்து, மருந்தை முழு அளவில் கொடுப்பார்கள். கசிவுக்குப் பயந்து அப்போது கொடுக்க முடியாத நிலையென்றால், வயிற்றின் பெரிய ரத்தக் குழாயில் குடைக்கம்பி போன்ற ஒரு வடிகட்டியை வைத்து, துண்டு மேலே போகாமல் தடுப்பதும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது

டாக்டரும் நர்ஸும் எத்தனை தடவை வந்து பார்த்தாலும், நாள் முழுவதும் கூட இருப்பவர் நீங்கள்தான்.

ஆபரேஷனுக்கு முன்பே, நோயாளிக்கோ நெருங்கிய சொந்தத்திலோ காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்பதைச் சொல்லிவிடுங்கள். நோயாளி பெண்ணாயிருந்து கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவராயின் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். அதுவும் உறைவுக்கு ஒரு காரணம்.

புழுங்குகிறது, சத்தம் போடுகிறது என்று காற்றுப் பட்டைகளைக் கழற்றி வைக்காதீர்கள். "பச்சை உடம்பு, அசையக் கூடாது" என்ற பழைய எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். டாக்டர் அனுமதித்த உடனே உட்காரவும் நிற்கவும் நடக்கவும் செய்வதே நல்லது. படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள்.

தினம் உடம்பு துடைக்கும்போது இரண்டு ஆடுசதைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறதா? தையல் டேப்பால் இரண்டையும் ஒரே உயரத்தில் அளந்து, 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதை முக்கியமாகக் கருதுவார்கள். அதற்குக் குறைவானாலும் சந்தேகம் வந்தால் சொல்லிவிடுங்கள். உணர்ச்சி இல்லாத காலாயிருந்தால் நோயாளிக்கு வலியே தெரியாது. உங்கள் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சு இழுத்தால் மார்பில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வீடு திரும்பிச் சில வாரம் கழித்துக்கூட இது வரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மருந்து பல மாதம் தொடரும். மாத்திரைகளில் பழையது 'வார்பரின்'. 1948-ல் எலி பாஷாணமாகக் கடைக்கு வந்து, 1954-ல் மனிதருக்கு மருந்தான விசித்திரப் பிறவி அது! இதைச் சாப்பிடுகிறவருக்குக் கீரையை ஒரு வாரம் கூடையாகவும் மறு வாரம் வெறுமையாகவும் போடக் கூடாது; ஒரே அளவாகப் போடுங்கள். புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. எதுவானாலும் தாமாக நிறுத்தவோ, கேட்காமல் வலி மாத்திரை சேர்க்கவோ கூடாது. மருந்து சாப்பிடும் காலத்தில் புதிதாகத் தலைவலி, வாந்தி, அரைமயக்கம் கண்டால் மூளையில் கசிவு இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

இனி நம் கற்பனைக் காட்சிக்குத் திரும்புவோம். "அத்தை, கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லி வீட்டம்மாள் நர்ஸைக் கூப்பிடுகிறாள். நர்ஸ் காலைப் பார்க்கிறாள், டாக்டர் வருகிறார், ஸ்கானில் உறைவு தெரிகிறது, மருந்து தொடங்குகிறது. அத்தைக்குக் கொஞ்சம் கோபம்தான். இருக்கட்டும். ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால் அந்தக் கோபம் கரைந்துவிடும். காலில் உறைந்த ரத்தம் அவ்வளவு சுலபமாகக் கரையாது!