தக்காளிக்கு உப்பு வெச்ச கதை!

பெட்டிச் செய்திதானே... வெறும் நாலு வரி. அதுல என்ன பெருசா தப்பு வந்துடப் போகுது? இப்படித்தான் நானும் நினைச்சேன் பாஸ்!

இன்டர்னா சேர்ந்த புதுசு. பக்கத்துல கொஞ்சம் இடம் காலி. 'மாடித் தோட்டத்துக்கு டிப்ஸ் கொடு' என்றார்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சுப் பழகின கை சும்மா இருக்குமா? எங்கேயோ படிச்சதை எடுத்து விட்டேன். 'தக்காளிக் காயோட அடி கறுக்குதா? ஒரு ஸ்பூன் எப்சம் சால்ட் போடுங்க!'

பத்து நாள் கழிச்சு திருச்சி அத்தையிடமிருந்து போன். "உன் பேரைப் பார்த்துத்தான்டா போட்டேன். பன்னிரண்டு பையிலயும் புதுசா வர்ற காயெல்லாம் கறுக்குது!"

பதறிப்போய், வேளாண் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பள்ளித் தோழனைப் பிடித்தேன். சிரிச்சான். "மச்சி, அது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராத பிரச்னை. எப்சம் சால்ட்ங்கிறது மெக்னீசியம் சல்பேட். அதுல கால்சியம் துளியும் கிடையாது. மெக்னீசியம் கூடிப்போனா, வேர் கால்சியத்தை எடுக்கிறதே குறையும்!"

அப்புறம்தான் விஷயமே. மண்ணில் கால்சியம் இருந்தாலும், அது தண்ணீரோடுதான் காய்க்குப் போகும். இன்னிக்கு ஒரு குடம், அப்புறம் ரெண்டு நாள் பட்டினின்னு இருந்தா சப்ளை கட்! மொட்டை மாடி வெயிலில் பை சீக்கிரம் காய்ஞ்சுடும். சீரா தண்ணி விட்டு, மேலே காய்ந்த இலையால் மூடாக்கு போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டெஸ்க்கில் உண்மையைச் சொன்னேன். சப்-எடிட்டர் அக்கா திட்டவில்லை. நாலு கேள்வியை எழுதி என் மேஜையில் ஒட்டினார்.

யார் சொன்னது? 'எல்லாரும் சொல்றாங்க'ன்னா செல்லாது. வேளாண் அறிவியல் நிலையமோ, வளர்த்துப் பார்த்தவரோ வேணும். 2004-ல் ஆரம்பிச்ச கிசான் கால் சென்டருக்கு (1800-180-1551) போன் போட்டு, தமிழிலேயே கேட்கலாம். காசு கிடையாது.

எந்த ஊருக்கு? 'முழு வெயிலில் வையுங்க'ங்கிறது குளிர் நாட்டு டிப்ஸ். சென்னை மே மாசத்துல அதைச் செஞ்சா செடி வதங்கிடும். இங்கே நிழல் வலை கட்டணும்.

எவ்வளவு? 'கொஞ்சம்' என்பது அளவே இல்லை. லிட்டருக்கு எத்தனை மில்லி? வேப்பெண்ணெயை சோப்புக் கரைசல் இல்லாமல் கலந்தா தண்ணி மேலே மிதக்கும்னு சொன்னோமா?

எப்போ எழுதினது? பழைய இதழில் எண்டோசல்ஃபான் அடிக்கச் சொல்லியிருக்கலாம். 2011-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தடை பண்ணிடுச்சு. அப்படியே எடுத்துப் போட்டா அது டிப்ஸ் இல்லை, விஷம்!

"அப்புறம், தப்பு வந்த அதே இடத்துல திருத்தமும் வரணும்" என்றார். அடுத்த இதழில் வந்தது... என் பேரோடு. காலேஜ் கேன்டீனில் ஒரு வாரம் என்னை 'உப்பு'ன்னு கூப்பிட்டாங்க. பரவாயில்லை!

நான் எழுதுறது எனக்கு நாலு வரி. அத்தைக்கு அது மூணு மாசத்து உழைப்பு.

சீரா தண்ணி விட்டதுல, இப்போ அத்தை வீட்டுப் புதுக் காய்கள் சுத்தமா இருக்காம். ஆனா நான் எது சொன்னாலும் ஒரு கேள்வி வருது...

"இதை யார்கிட்டடா கேட்டே?"