குழுதாடியில் மீந்த சோறு: மாட்டுக்கு ஆபத்து

கழுநீர், காய்கறித் தோல், புண்ணாக்குத் தண்ணீர் எல்லாம் குழுதாடிக்குப் போவது வழக்கம். இதில் தவறில்லை. கைப்பிடி பழைய சோறும் பழகிய மாட்டுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் கல்யாண வீட்டில் மீந்த சோற்றையோ, மாட்டுப் பொங்கலன்று பானைப் பொங்கலையோ அப்படியே கொட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெல்லச் செரிக்கச் செய்பவை. மாவுச்சத்து ஒரேயடியாகச் சேர்ந்தால் லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளித்துவிடும். உடலிலுள்ள நீரும் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு அசை போடாது, இடப்பக்க வயிறு உப்பும், புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழியும், பின் படுத்துவிடும். முற்றினால் ஓரிரு நாளிலேயே இறப்பதும் உண்டு.

வெறும் செரியாமை என்று கஷாயம் கொடுத்துக் காத்திருப்பது வீண். படுத்த மாட்டுக்குப் புகட்டினால் புரையேறும். உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதைச் சொல்ல வேண்டும்.

குழுதாடியின் அடியில் தங்கும் சோறும் இரவில் புளிக்கும். ஆகவே தினமும் தேய்த்துக் கழுவி, வாரம் ஒருமுறை உட்புறம் சுண்ணாம்பு அடித்துக் காயவிடவும். குடிநீருக்குத் தனித் தொட்டி தேவை; 100 பங்கு பாலில் சுமார் 87 பங்கு நீர்தானே.