மணற்குன்றுகளில் சித்திரை மழை

குறிஞ்சி என்றதும் மலையும் அருவியுமே நம் மனக்கண் முன் தோன்றும். ஆயின் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள குறிஞ்சிப்பிட்டியோ கடல்சார்ந்த ஊர். தீபகற்பத்தின் மேற்கே பெருங்கடல். கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் இடையே மணல் நிலம். ‘பிட்டி’ என்னுஞ் சொல் மேட்டு நிலத்தைக் குறிக்கும். மலையில்லாத இக்கரையில் மணல்மேடுகளே குன்றுகள்.

பங்குனி வெயிலில் அம்மேடுகள் கால் வைக்க இயலாதபடி கொதிக்கும். புல் கருகும், கிணற்று நீர் தாழும். அவ்வேளையில்தான் இளவேனில் மழை வருகிறது. பகலில் சூடேறிய காற்று மேலெழுந்து முகிலாகத் திரண்டு, பிற்பகலில் இடி முழக்கத்தோடு பொழிகிறது. வானிலை அறிஞர் இதனை முதலாம் இடைப்பருவ மழை என்பர்; நம் முன்னோர் சித்திரைச் சிறுமாரி என்றனர்.

சில நாட்களில் காட்சி மாறிவிடும். அடம்பன் கொடி ஊதாப் பூக்களோடு மணலிற் படரும். இராவணன் மீசை என்னும் முட்புல் புதுத் தளிர் விடும். இவை வெறும் அழகுக்கு அல்ல. பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தும் காவலர்கள் இவையே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியின் பொருளை இங்கே கண்ணாரக் காணலாம்.

ஆனால் மழையின் பெருங்கொடை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மணலில் விழுந்த நீர் தேங்குவதில்லை. நொடியில் உள்ளே இறங்கிவிடும். நிலத்தின் அடியிலோ கடலின் உப்புநீர் ஊடுருவி நிற்கிறது. நன்னீர் அதனிலும் எடை குறைந்ததாதலால், அதன்மேல் வில்லை போல் மிதக்கிறது. மாணவர்கள் இதை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புக் கரைத்த நீரை வைத்து, நிறமூட்டிய நன்னீரைக் கரண்டி வழியாக மெதுவாக ஊற்றுங்கள். அது மேலேயே தங்கி நிற்கும்.

கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து அந்த 1 அடியை இழந்தால், கீழிருந்து உப்புநீர் மேலேறும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைத் தீவின் தென்மேற்கிலும் மலைநாட்டிலும் பொழிந்துவிடுகிறது. இக்கரைக்கு வருவது பெரும்பாலும் வறண்ட காற்றே. ஆகவே ஐப்பசி மழை வரும்வரை, சித்திரையிற் சேர்ந்த நீருங் கைகொடுக்க வேண்டும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அளவின்றி இடும் உரம், மழையோடு மணலில் இறங்கிக் குடிநீரையே அடைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்துள்ள எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். இத்தீபகற்பத்தில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர் கண்டுள்ளனர். கைக்குழந்தைகளுக்கு இது பெருந்தீங்கு. குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இது குறைத்துவிடும்.

வானம் தரும் நீர் தூயது. மணல் அதனை மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இடையிலே நாம் எதைக் கலக்கிறோம், எவ்வளவு இறைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த சித்திரையின் கிணற்று நீர் இனிக்கும், அல்லது கரிக்கும்.