இன்ஜின் தட்டுகிறதா? பிரிக்கச் சொல்லும் முன் கேட்க வேண்டியவை

இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப்பிலோ குட்டி யானையிலோ 'டக் டக்' என்று சத்தம் வரத் தொடங்கினால், பட்டறையில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "பேரிங் போச்சுண்ணே, இன்ஜினைப் பிரிக்கணும்." சில நேரம் அது உண்மை. சில நேரம் தளர்ந்த இன்ஜின் மவுண்டும் தேய்ந்த கிளட்ச் பேரிங்கும் இதே பயத்தைக் கிளப்பும். பிரித்துப் போட்ட இன்ஜினில் சத்தம் கேட்காது. எனவே நோய் என்ன என்று பார்க்க வேண்டியதெல்லாம் ஸ்பேனர் வைப்பதற்கு முன்புதான்.

ஆயில் விளக்கு எரிந்தபடி தட்டினால், ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். பட்டறை பக்கத்திலேயே இருந்தாலும் கயிறு கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் பிக் எண்ட் பேரிங் கிராங்கோடு பிடித்துக்கொள்ளும். கனெக்டிங் ராடு முறிந்தால் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கிராங்கை அரைத்து, 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போட்டு முடிந்திருக்க வேண்டிய வேலை, வேறு இன்ஜின் தேடும் வேலையாகிவிடும். தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீசல் இன்ஜின் இயல்பிலேயே சத்தக்காரன். சத்தம் எவ்வளவு என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது மாறுகிறது என்பதே முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் லைனருக்குள் ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஆயில் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே அதைப் பல காலம் ஓட்டுபவர்கள் உண்டு. சூடேற ஏறக் கனத்து, லோடோடு மேடு ஏறும்போது 'தொம் தொம்' என்று அடித்தால் சந்தேகம் பேரிங் மேல் போகும். வால்வ் கவர் பக்கம் மெல்லிய 'டிக் டிக்' என்றால் டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அது சின்ன வேலை. கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் மாறினால் முதலில் கிளட்ச், கியர்பாக்ஸ், ஃப்ளைவீல் பக்கம் பாருங்கள்.

அதிகம் குழம்புவது இன்ஜெக்டர் சத்தத்துக்கும் பேரிங் சத்தத்துக்கும் நடுவில்தான். ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒன்றை நிறுத்தியதும் சத்தம் குறையும். "பார்த்தீங்களா, இந்த பேரிங்தான்" என்பார்கள். ஆனால் கெட்டது இன்ஜெக்டர் என்றாலும் அப்படித்தான் குறையும்! எந்த சிலிண்டர் என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டும், எந்தப் பாகம் என்பதைக் காட்டாது. அதிலும் காமன் ரெயில் இன்ஜினில் டீசல் பைப்பைத் தளர்த்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிலிண்டரை நிறுத்திப் பார்க்க ஸ்கேனர் இருக்கிறது.

இன்ஜெக்டரா, பேரிங்கா என்று பிரித்துக் காட்டுவது ஆயில். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆயில் சுவிட்ச் இருக்கும் இடத்தில் கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மினுங்கும் தூள் நிறைய இருந்தால் பேரிங் தேய்கிறது. பல இன்ஜின்களில் ஹெட்டைத் தொடாமல், ஆயில் சம்ப்பை மட்டும் கீழே இறக்கி பிக் எண்ட் பேரிங்கைப் பார்த்துவிடலாம். இதையெல்லாம் செய்ய மறுத்து நேரே "பிரிக்கணும்" என்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதே நல்லது. (பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்பது பழைய தந்திரம். இரவு முழுக்க நின்று ஆறிய இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு சூடேறும் வரை ஓட்டியும் பாருங்கள்.)

வேலை கொடுக்கும்போது மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் வேலை வந்தால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேரிங், பிஸ்டன் எல்லாம் உங்களுக்கு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. வேறு இன்ஜின் மாற்றினால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது வேண்டும். புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றவும் வேண்டும்.

கூலி பாக்கி இருக்கும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 170ஆவது பிரிவு பட்டறைக்கு இடம் கொடுக்கிறது. தகராறு என்றால், வண்டி நின்று பிழைப்பு கெடுவதைவிட, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டு, பிறகு புகார் செய்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

"வாடகை வண்டி வணிகப் பயன்பாடு, நுகர்வோர் வழக்கு செல்லாது" என்று மிரட்டுவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஓட்டுபவரை நுகர்வோராகச் சட்டம் ஏற்கிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பல வண்டிகள் வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு இந்த வாசல் திறப்பது கடினம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆனால் வேலை சரியில்லை என்று நீங்கள் சொன்னால் மட்டும் நிற்காது. வேறொரு பட்டறையின் எழுத்துப்பூர்வமான அறிக்கையும் பழைய பாகங்களும் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பாருங்கள். பேசும்போது பில் பக்கத்தில் இருக்கட்டும்.