‘லெட்’ என்னும் வினைச்சொல்

ஆங்கிலங் கற்கத் தொடங்கும் மாணவர் முதலாவது அறியும் வினைச்சொற்களுள் ‘லெட்’ என்பதும் ஒன்று. இதற்கு ‘விடு’, ‘இடங்கொடு’ என்று பொருள் கூறுவோம். ஆயினும், 1611-ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில வேதாகமத்திலே, ரோமாபுரியார்க்கு எழுதப்பட்ட நிருபத்தின் முதலாம் அதிகாரத்தை வாசிக்கும் மாணவன் திகைப்படைவான். பவுல் அப்போஸ்தலர் பலமுறை ரோமாபுரிக்கு வரக் கருதியும் தடைபட்டமையைக் கூறுமிடத்து இச்சொல்லே வந்துள்ளது. தான் கற்ற பொருளை அங்கே வைப்பானாயின் கருத்து நேர்மாறாய் முடியும்.

இதன் காரணம் யாது? பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. நெட்டுயிரோசையுடைய ‘லேட்டன்’ என்பது விடுதல், விட்டுச் செல்லுதல் என்னும் பொருளது. ஜெர்மானியரின் ‘லாஸ்ஸன்’ இதற்கு உறவு. குற்றுயிரோசையுடைய ‘லெட்டன்’ என்பது தாமதப்படுத்துதல், தடுத்தல் என்னும் பொருளது. ‘லேட்’ என்னும் இக்காலச் சொல் இதற்கு இனம். ஈறுகள் தேய்ந்து, ஓசை திரிந்து, இவ்விரண்டும் நாளடைவில் ஒரே வடிவெய்தின. ஒரு சொல் பல பொருள் தருதல் வேறு. இரு சொற்கள் ஓருருவாதல் வேறு. இது பின்னதன்பாற்படும்.

விடுதலும் தடுத்தலும் ஒரு சொல்லில் நெடுங்காலம் கூடி வாழ்தல் அரிது. ஆகவே, தடுத்தற்பொருள் மெல்ல மறைந்தது. 1881-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு மேற்கூறிய இடத்தில் வேறு சொல்லை அமைத்தது. எனினும், இந்தியக் கடவுச்சீட்டின் ஆங்கில வாசகத்தில், செல்வோர்க்குத் தடை கூடாதென வேண்டுமிடத்து இப்பழம் பொருள் இன்றும் நிலவுகின்றது. டென்னிஸ் ஆட்டத்தில் வலையைத் தொட்டு உரிய கட்டத்தில் விழும் முதலடியை ‘லெட்’ என்று மறுபடியும் அடிக்கச் செய்வதும் இதுபற்றியே என்பர்.

எஞ்சி நின்ற பொருளுக்கு நம் ‘விடு’ என்னும் சொல் வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளது. ‘அவனைப் போக விடு’ என்கிறோம். ‘வீட்டை வாடகைக்கு விடு’ என்றுங் கூறுகிறோம். ஆங்கிலேயரும் இவ்விரண்டிடத்தும் ‘லெட்’ என்பதையே வழங்குவர். மாணவர் மறவாது கொள்ளவேண்டுவன இரண்டு: இவ்வினை இறந்தகாலத்திலும் உருமாறாது; இதனை அடுத்து வரும் வினைக்குமுன் ‘டூ’ என்னும் இடைச்சொல் வேண்டுவதில்லை. ‘அலவ்’ என்பதற்கோ அஃது இன்றியமையாதது.

பழைய நூல்களிற் பழகிய சொல்லொன்று பொருந்தாது நிற்குமாயின், நூலாசிரியர் பிழைத்தாரென்று துணியாது, சொல்லின் வரலாற்றை ஆராய்தல் நம் கடமை. அகராதியைப் புரட்டும் ஒரு கணம் நூலின் கருத்தையே காப்பாற்றும்.