ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மூன்று குடித்தனம்

ஒரே வீட்டைத் தடுத்து மூன்று குடித்தனங்கள் வாழ்வது பெங்களூர்த் தமிழர்களுக்குப் புதிதல்ல. தலைவாசல் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. அடுப்பங்கரை மட்டும் தனித்தனி. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கையும் இப்படியே பிரித்து, ஒன்றுக்கு மேற்பட்ட லினக்ஸ்களைக் குடியமர்த்தலாம். இதற்குப் பணச் செலவு அநேகமாக இல்லை. ஆனால், சுவரை எங்கே எழுப்புவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும்.

இந்த வேலைக்கு இப்போது ஒரு புதிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் பல பழைய லேப்டாப்புகளில் இல்லை. நன்றாக ஓடும் இயந்திரங்களே இதனால் வீட்டு மூலைக்கோ, எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்கோ போகின்றன. இத்தகைய லேப்டாப்புகள் பலவற்றில் லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

ஒன்று போதாதா?

லினக்ஸ் என்பது மையப் பகுதியின் பெயர். அதனுடன் மற்ற சாதனங்களையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகளை டிஸ்ட்ரோ என்பார்கள். 1993-இல் தொடங்கிய டெபியன் ஒரு பெரிய குடும்பம். 2004-இல் வந்த உபுண்டுவும், 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட்டும் அதன் வழித்தோன்றல்கள். ரெட் ஹாட் மற்றொரு குடும்பம். 2003-இல் வந்த ஃபெடோரா அதைச் சேர்ந்தது. மென்பொருளை நிறுவும் கட்டளைகூட இரு குடும்பங்களுக்கும் வேறு வேறு.

கம்பெனிகளின் சர்வர்களில் இரண்டு வகையும் உண்டு. ஆகவே, பெங்களூரில் வேலை தேடும் இளைஞர் இரண்டையும் பழகியிருப்பது நல்லது. ஒரு லினக்ஸுக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டும் வழியும் உண்டு என்றாலும், ரேம் குறைந்த பழைய லேப்டாப் அந்தச் சுமையைத் தாங்காது. அங்கேதான் பாகப்பிரிவினை பயன்படுகிறது.

முதலில் நகல்

லினக்ஸின் தந்தையான லைனஸ் டோர்வால்ட்ஸுக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த அவர், தமது டிஸ்க்கில் மினிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தையும் ஒரு பாகத்தில் வைத்திருந்தார். ஒருநாள் மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருடன் தொடர்பு கொள்ள முயன்றபோது, மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளை தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விட்டது. மினிக்ஸ் பாகம் பாழாயிற்று. அதை மறுபடி நிறுவாமல், தம் லினக்ஸையே நம்பி அவர் மேலே சென்றார். ஆனால் நம் வீட்டுக் கல்யாணப் போட்டோக்கள் அழிந்தால் அப்படி மேலே செல்ல இயலாது.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிட வேண்டும். பாகத்தின் அளவை மாற்றும்போது கரண்ட் போனால் ஆபத்து. பேட்டரி செத்த லேப்டாப்பானால் யு.பி.எஸ். அவசியம்.

யாருக்கு எவ்வளவு?

டிஸ்க்கின் பாகங்களைக் குறித்து வைக்கும் அட்டவணை இருவகைப்படும். 1983-இல் டாஸ் காலத்தில் வந்த எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பாகங்கள் நான்குக்கு மேல் கூடாது. புதிய ஜி.பி.டி. முறையில் சாதாரணமாக 128 பாகங்கள் வரை இடமுண்டு. யு.இ.எஃப்.ஐ. வசதியுள்ள இயந்திரமானால் ஜி.பி.டி.யையே தேர்ந்தெடுப்பது உத்தமம். ஆனால், அட்டவணையைப் புதிதாக எழுதினால் டிஸ்க்கில் இருப்பது அனைத்தும் போய்விடும் என்பதை மறக்கலாகாது.

விண்டோஸ் இல்லாமல், டெபியன், மின்ட், ஃபெடோரா ஆகிய மூன்றுக்கும் ஒரு 500 ஜி.பி. டிஸ்க்கைப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். பாகம் பிரிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் 1024 வீதம் எண்ணுகின்றன. எனவே கைக்குக் கிடைப்பது சுமார் 465 ஜி.பி. இதில் தொடக்கப் பாகத்துக்கு 1 ஜி.பி., மூன்று லினக்ஸ்களுக்குத் தலா 40, ரேம் நிரம்பும்போது உதவும் ஸ்வாப்புக்கு 8 என ஒதுக்கினால், மீதி 336 ஜி.பி. நமது சொந்தக் கோப்புகளுக்கு.

இந்த மீதிப் பாகத்தைத் தனியாக வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. போட்டோ, கடிதம், பாடக் குறிப்பு எல்லாம் அங்கே இருந்தால் மூன்று லினக்ஸும் அவற்றைப் படிக்கும். ஒன்று கெட்டாலும் கோப்புகள் தப்பும். மூன்றுக்கும் ஒரே ‘ஹோம்’ பாகத்தைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அது சரிவராது. ஒவ்வொன்றும் தன் அமைப்புகளை அங்கேதான் எழுதுகிறது. ஒன்றின் புதிய பதிப்பு எழுதியதை மற்றொன்றின் பழைய பதிப்பு புரிந்துகொள்ளாமல் தகராறு செய்யும். பொதுவில் வைக்க வேண்டியது கோப்புகளை மட்டுமே.

ஸ்வாப் பொதுவாக இருக்கலாம். ஆனால், ஒரு லினக்ஸை ‘ஹைபர்னேட்’ நிலையில் உறங்க வைத்துவிட்டு இன்னொன்றைத் திறக்கக் கூடாது.

தலைவாசல் சாவி

தொடக்கப் பாகம் மூன்றுக்கும் பொதுவான தலைவாசல். முதல் லினக்ஸை நிறுவும்போது மட்டும் அதை ஃபார்மட் செய்யலாம். அடுத்த இரண்டின்போதும் கூடாது. கோப்புப் பாகத்துக்கும் அப்படியே. நிறுவும்போது ‘முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுக’ என்ற வாய்ப்பும் திரையில் வரும். அதைத் தொடாமல், பாகங்களை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில்தான் செல்ல வேண்டும்.

எதைத் திறப்பது என்று தொடக்கத்தில் கேட்கும் மென்பொருளுக்கு ‘க்ரப்’ என்று பெயர். ஒவ்வொரு லினக்ஸும் தன் க்ரப்பை நிறுவும். பெரும்பாலும் கடைசியில் வந்தவர் கையில் சாவி இருக்கும். 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல், பக்கத்துப் பாகங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வசதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. மற்ற இரண்டும் பட்டியலில் தெரியாவிட்டால் பதற வேண்டாம், அவை அழிந்துவிடவில்லை. அமைப்புக் கோப்பில் அந்த வசதியைத் திறந்து, பட்டியலைப் புதுப்பித்தால் போதும். உபுண்டுவும் மின்ட்டும் தலைவாசலில் ஒரே பெயருள்ள கோப்புறையைப் பயன்படுத்துவதால், ஒன்றை மற்றொன்று மேலெழுதிவிடும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது தலைவலியைக் குறைக்கும்.

பழகிய பின் ஒன்று பிடிக்கவில்லையானால், அதன் 40 ஜி.பி. பாகத்தை மட்டும் துடைத்து வேறொன்றைக் கொண்டுவரலாம். பக்கத்துப் பாகத்தில் உள்ள பிள்ளைகளின் பாடக் குறிப்பும் குடும்பப் போட்டோவும் அப்படியே இருக்கும். ஆனால் டிஸ்க்கே கெட்டுப்போனால் எல்லாப் பாகங்களும் சேர்ந்தே போகும். எனவே முதலில் எடுத்த நகலை அழித்துவிடாமல், மாதம் ஒருமுறையாவது புதுப்பித்து வர வேண்டும்.