தொழில்நுட்ப ஆவணங்களில் பொறியியல் வரைபடங்களை இணைத்தல்: பிடிஎஃப் வெளியீட்டை முன்வைத்து

தொழில்நுட்பக் கையேடுகளில் உரையைப் போலவே வரைபடமும் பொருளுணர்த்துகின்றது. எனினும், ஆவணம் பிடிஎஃப் வடிவம் பெறுங்கால் உரை தெளிவாக நிற்க, வரைபடம் மட்டும் மங்கிப்போவதைப் பலமுறை காண்கிறோம். அளவெண் ஒன்றில் 6 என்பது 8 எனப் படிக்கப்படுமாயின் கெடுவது பக்கத்தின் அழகன்று. பட்டறையில் உருவாகும் பொருளே கெடும். இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் பிடிஎஃப் அன்று. அதற்கு முந்திய இணைப்பு நிலையே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் ஒரு கோட்டை அதன் தொடக்கம், முடிவு, வளைவு ஆகியவற்றைக் குறிக்கும் எண்களாகவே பதிவு செய்கின்றன. இதனையே வெக்டர் வரைபடம் என்கிறோம். அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் வரைமுறையைத் தழுவி அமைந்தது. ஆதலின் இத்தகைய கோடுகளை உள்ளவாறே ஏற்கும் ஆற்றல் அதற்கு இயல்பாகவே உண்டு. இடையில் வரைபடத்தை ஜேபெக் கோப்பாக மாற்றுவோமாயின் கோடுகள் யாவும் புள்ளிகளாகிவிடுகின்றன. ஒளிப்படங்களுக்கென உருவான அம்முறை, கூரிய விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போன்ற தோற்றத்தை உண்டாக்கும். பழைய டபிள்யூஎம்எஃப் வடிவமும் நம்பத்தக்கதன்று. 16 பிட் முழு எண்களால் இடங்களைக் குறிப்பதால் நுண்ணிய வளைவுகள் அதில் உடையக்கூடும். வரைபடத்தை முதலில் தனியொரு பிடிஎஃப் கோப்பாக்கி, அதனை நேரடியாக ஏற்கும் இன்டிசைன், பிடிஎஃப்லேடெக் போன்றவற்றில் இணைப்பதே சிறந்தது எனலாம்.

வெக்டர் என்பதனாலேயே எல்லாம் நலமாகிவிடுவதில்லை. ஏ1 தாளுக்கென வரைந்ததை ஏ4 பக்கத்தில் அடக்கினால் நீள அளவுகள் ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறைகின்றன. 3.5 மி.மீ. உயர எழுத்து 1.24 மி.மீ. ஆகிவிடும்; 0.35 மி.மீ. கோடு 0.12 மி.மீ. ஆகும். கோடு கூர்மையாகவே இருக்கும், படிக்கத்தான் இயலாது! ஆகவே, தேவையற்ற அடுக்குகளை நீக்கி, விளக்க வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, எழுத்தளவை மீண்டும் அமைத்த பின்னரே இணைத்தல் வேண்டும். சுழியத் தடிமனுடைய கோடுகளும் ஏமாற்றுவன. கருவி காட்டக்கூடிய மிக மெல்லிய கோடு என்பதே அவற்றின் பொருள். திரையில் நன்கு தெரிபவை, அங்குலத்திற்கு 2400 புள்ளிகள் பதிக்கும் அச்சுக் கருவியில் 0.01 மி.மீ. அளவினதாகிக் கண்ணுக்குப் புலப்படாமற் போகும். வெட்டுமுகத்தைக் காட்டும் சாய்கோட்டு நிரப்பல்கள் ஆயிரக்கணக்கான சிறு கோடுகளாக விரிந்து, பக்கம் திறக்கும் வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

தமிழ்க் கையேடுகளில் சிக்கல் இன்னும் ஒரு படி மிகுகிறது. எழுத்துரு கோப்பினுள் பொதியப்படாவிடின் பெயர்க்குறிப்புகள் வேறு குறியீடுகளாக மாறக்கூடும். எழுத்துகளைப் புறக்கோடுகளாக மாற்றினால் தோற்றம் நிலைக்கும். ஆயின் அச்சொற்களைக் கணினியில் தேடவோ படியெடுக்கவோ இயலாது. வரைபடத்தில் எண்களை மட்டும் இட்டு, உறுப்புகளின் தமிழ்ப் பெயர்களை அருகில் பட்டியலாகத் தருவதே பொருத்தம் என்று கருதுகிறோம். அவ்வாறு செய்யின் அதே வரைபடம் மலாய்ப் பதிப்பிற்கும் மாற்றமின்றிப் பயன்படும்.